சுடாத மூஸின் ஈரல்

இல்லை என்று அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. அவரிடம் இருந்த ஒரே குறை அதுதான்.

மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் கட்டடத்தில் அவர் மூன்றாம் மாடி, நாங்கள் முதலாம் மாடி. காலையில் படியிறங்கி பஸ் தரிப்பை அடைவதற்குள் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் எதையாவது வாக்குக் கொடுத்துவிடுவார். புதிதாக வந்தவனுக்கு வேலை, பிள்ளை பெற்றவளுக்குத் தொட்டில், தனியாக இருக்கும் பெடியனுக்குப் பெண். “யோசியாதை, நான் தாறன்.” ‘தாறன்’ என்று சொல்லும்போது வலக்கை தானாக முன்னே நீளும், பொருள் ஏற்கெனவே உள்ளங்கையில் இருப்பதைப் போல. கேட்டவரும் தன்னையறியாமல் கையை நீட்டிவிடுவார். வெறுங்கைக்கும் வெறுங்கைக்கும் நடுவில் அப்படி எத்தனையோ பொருள்கள் அந்தப் படிக்கட்டில் கைமாறியிருக்கின்றன.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. மொன்றியலில் எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொன்னாலும் தெரியாது. நாங்கள் அண்ணை என்றோம். எங்கள் அப்பாமாரும் அண்ணை என்றார்கள்.

ஒருமுறை தன் வீட்டுப் பழைய சோபாவை மூன்று குடும்பங்களுக்குச் சொல்லியிருந்தார். மூன்று குடும்பமும் ஒரே சனிக்கிழமை, ஒரே வாசலில், ஆளுக்கொரு வான் பிடித்துக்கொண்டு வந்து சந்தித்தன. வேறொருவர் என்றால் கதவைத் திறந்திருக்க மாட்டார். இவர் திறந்தார். எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு ஒரு குடும்பத்துக்குச் சோபாவையும், அடுத்ததற்குச் சாப்பாட்டு மேசையையும், மூன்றாவதற்குத் தன் கட்டிலையும் தூக்கிக் கொடுத்து அனுப்பினார். அதன் பிறகு கன நாள் அவர்கள் வீட்டில் எல்லாம் நிலத்தில்தான். அக்கா, அதாவது அவர் மனைவி, என் அம்மாவிடம் சொன்னார்: “நல்லகாலம், என்னைக் கேட்டு ஒருத்தரும் வரேல்லை.”

அவர் வேட்டைக்காரர் ஆனதும் இந்த வழியில்தான்.

பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் ஜில் என்ற கியூபெக்காரர் வேலை செய்தார். சிவந்த முகம், அதிகம் பேசாத மனிதர். இலையுதிர் காலம் வந்தால் வடக்கே காட்டுக்குப் போய் மூஸ் சுடுவார். மூஸ் மான் சாதிதான். ஆனால் ஊரில் மானைப் பார்த்த கண்ணுக்கு அது மானாகத் தெரியாது. குதிரைக்கும் எருமைக்கும் பிறந்து, இரண்டு வீட்டாரும் ஏற்றுக்கொள்ளாமல் காட்டில் விட்ட பிள்ளை போல் இருக்கும். ஒரு வருடம் ஜில் அவருக்கு அதில் ஒரு துண்டு கொடுத்தார். அண்ணை அதைத் தின்று பார்க்கவேயில்லை. கட்டடம் முழுக்கப் பகிர்ந்துவிட்டார். தின்றவர்கள் இன்னும் கேட்டார்கள். தின்னாதவர்கள் அவர்களைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள். எல்லோருக்கும் “தாறன்” என்றார். சொன்ன பிறகுதான் மூஸ் கடையில் விற்பதில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

அவருக்குத் தூரத்துப் பார்வை சரியில்லை. ஆகவே சுடுவதற்கு இளம் கண்கள் வேண்டியிருந்தன. “பெடியளுக்கு இந்த நாட்டைப் பழக்க வேணும்” என்று தேவாலய மண்டபத்தில் அறிவித்தார். அகப்பட்டவர்கள் இரண்டு பேர். வான் வைத்திருந்ததால் ஜூட். பிரெஞ்சு வாசிப்பேன் என்பதால் நான்.

என் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். தேர்வு என்று எதைக் கண்டாலும் எழுதி முடிக்காமல் எனக்கு நித்திரை வராது. வேட்டைக்கும் ஒரு வகுப்பும் தேர்வும் இருந்தன. புத்தகத்தை வரிக்கு வரி படித்து, ஜூட்டுக்கும் அண்ணைக்கும் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். மூவரும் நல்ல புள்ளிகளோடு சித்தியடைந்தோம். துப்பாக்கிச் சத்தம் கேட்டு நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள், துப்பாக்கி அனுமதிக்கு வரிசையில் நின்று, நன்றாகப் படித்ததற்காகப் பாராட்டும் பெற்றோம்.

அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. நாங்கள் போவது புரட்டாசிச் சனி.

“சுடுறது பாவமில்லையோ அம்மா?” என்றேன்.

“சுடுறதுக்கு விரதமில்லை” என்றார். “தின்னுறதுக்குத்தான் விரதம்.”

*

எங்கள் ஊர்களில் பங்கு இறைச்சி என்று ஒரு வழக்கம் உண்டு. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு ஆடு பிடிப்பார்கள். வெட்டி, கூறு கூறாக வைப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு, ஒரு சொட்டு ஈரல் இருக்க வேண்டும். பிறகு ஒருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். மற்றவர் ஒரு கூறைத் தொட்டு “இது ஆருக்கு?” என்பார். முதுகு காட்டி நிற்பவர் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வார். கண் பார்க்காததால் பாரபட்சம் இல்லை. அண்ணை ஊரில் முதுகு காட்டி நிற்பவராக இருந்தாராம். அவர் கூறிய பங்கில் ஒருநாளும் சண்டை வந்ததில்லையாம். அவரே சொன்னது.

மொன்றியலில் அவர் செய்த ஒரே மாற்றம், மிருகம் சாவதற்கு முன்பே பங்கு போட்டதுதான். நாங்கள் புறப்படும்போது மூஸின் ஒவ்வொரு அங்கத்துக்கும் ஒரு வீடு நிச்சயமாகியிருந்தது. பின்தொடை ஒன்று ஓய்வுபெற்ற தபாலதிபருக்கு. மற்றது தேவாலயத்து ஃபாதருக்கு. நெஞ்செலும்பு சூப் வைக்க எங்கள் அம்மாவுக்கு. ஈரல் நகரத்தின் மறுகோடியில், பியர்பொன்ட்ஸில் இருந்த ஸ்டெல்லா அக்காவுக்கு. ஸ்டெல்லா அக்காவுக்கு இரத்தம் குறைவு, சொந்த வீடு, பெரிய குரல். அந்தத் திங்கட்கிழமை நன்றியறிதல் நாள் விடுமுறை. அன்று மண்டபத்தில் விருந்து. ஆளாளுக்குத் தங்கள் பங்கை வீட்டில் சமைத்துச் சட்டியோடு கொண்டுவர வேண்டும் என்று தீர்மானமாகியிருந்தது. சட்டிகள் தயார். மூஸ்தான் இன்னும் காட்டில் நடந்து திரிந்தது.

அதிகாலை குளிரில் ஜில் எங்களை ஒரு சதுப்பின் ஓரத்தில், மரத்தோடு கட்டிய பலகைத் தட்டில் ஏற்றினார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு கீழே போய், மரப்பட்டையைச் சுருட்டிச் செய்த ஊதுகுழலில் பெண் மூஸ் மாதிரிக் குரல் கொடுத்தார். வயிற்று நோவுக்காரர் முனகுவது போன்ற சத்தம். நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எதிர்ப்பக்கம் கிளை முறிந்தது. கொம்போடு ஒரு ஆண், முழங்கால் தண்ணீரில் வந்து நின்றது. அவ்வளவு பெரிய உயிரை நான் சங்கிலியில்லாமல் பார்த்தது அதுதான் முதல் முறை.

துப்பாக்கி ஜூட்டின் கையில். அவன் குறி பார்த்தான். அண்ணை அவன் காதுக்குள் மெல்லச் சொன்னார்: “வலப்பக்கத் தொடையைக் காயப்படுத்திப் போடாதை. அது தபாலதிபருக்கு.”

ஜூட் துப்பாக்கியைக் கொஞ்சம் இறக்கினான். “அப்ப எங்கட வீட்டுக்கு எது?”

“உங்களுக்குக் கழுத்து.”

“கழுத்தோ? வான் என்ர, பெற்றோல் என்ர. கழுத்தோ எனக்கு?”

“சத்தம் போடாதை. கழுத்து நல்ல ருசி.”

“நல்ல ருசியெண்டா ஃபாதருக்குக் குடுங்கோவன்.”

“ஃபாதருக்குச் சொல்லிப்போட்டன், தம்பி. சொன்ன சொல்லை மாத்தேலாது.”

“அண்ணை,” என்றேன் நான், “அது எங்களைப் பாக்குது.”

மூஸ் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தது. தன் கழுத்தைப் பற்றிய விவாதத்தை அது கடைசிவரை கேட்கவில்லை. திரும்பியது, இரண்டு தாவல், காடு மூடிக்கொண்டது. ஜில் கீழிருந்து மேலே பார்த்த பார்வைக்கு எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல் இல்லை.

அடுத்த நாளும் ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி வரும் வழியில் அண்ணையின் கைத்தொலைபேசி ஓயவில்லை. “ஓம், வந்துகொண்டிருக்கிறம். ஓம், ஈரல் தாறன். ஓமோம்.” ஒவ்வொரு அழைப்புக்கும் வலக்கை முன்னே நீண்டு வானின் கண்ணாடியில் முட்டியது. நகரத்துக்குள் வந்ததும் ஜூட்டை ஒரு பெரிய இறைச்சிக் கடையில் நிறுத்தச் சொன்னார்.

“அண்ணை, இது பிழை” என்றேன்.

“பிழைதான். நான் இல்லையெண்டு சொன்னனானோ?” என்றார். “ஆனா அங்க அதுகள் கறித்தூள் வறுத்து வச்சுக்கொண்டு இருக்குதுகள். ஒரு சனத்தை எப்பிடித் தம்பி வெறுஞ்சட்டியோட மண்டபத்துக்குக் கூப்பிடுறது?”

மாட்டிறைச்சி வாங்கினோம். ஈரலும் வாங்கினோம். பிளாஸ்டிக்கைக் கழற்றி, ஜில்லின் காட்டிலிருந்து வானில் ஒட்டிக்கொண்டு வந்த தேவதாருக் கிளைகளைப் பெட்டியில் பரப்பி, அதன்மேல் இறைச்சியை வைத்தோம். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூறுகள் போட்டோம். அண்ணை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஜூட் ஒரு கூறைத் தொட்டு, “இது ஆருக்கு?” என்றான். அண்ணை கண்ணை மூடிப் பெயர் சொன்னார். கள்ள இறைச்சியை அவ்வளவு நேர்மையாகப் பங்கிட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

விருந்தில் தபாலதிபர் முதல் துண்டை வாயில் போட்டதும் மண்டபமே பார்த்தது. ஊரில் அவர் மானும் மரையும் திரியும் வன்னிக் காட்டுப் பக்கம் வேலை செய்தவர். காட்டிறைச்சி பற்றிய கடைசித் தீர்ப்பு அவருடையது. மென்றார். கண்ணை மூடினார்.

“வன்னியில மரை திண்ட நாக்கு இது” என்றார். “ஏமாத்தேலாது. இது காட்டில ஓடித் திரிஞ்ச சாமான். அந்தப் பச்சிலை வாசம் வருது பாருங்கோ.”

தேவதாரு வாசம் எல்லோருக்கும் வந்தது. படம் இருக்கிறதா, கொம்பு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ருசியாக இருக்கும் பொய்க்கு யார் சாட்சி கேட்கிறார்கள்? ஸ்டெல்லா அக்கா, ஈரல் தின்ற உடனேயே நடையில் ஒரு தெம்பு வந்துவிட்டதாகச் சொன்னார். அண்ணை மட்டும் அன்று சோறும் பருப்பும் சாப்பிட்டார். பல் நோவு என்றார்.

*

அந்த விருந்து முடியும்போதுதான் அவர் அம்மாவிடம் அதைச் சொன்னார். அம்மா யாரோ கேட்டதற்கு, மகன் படிக்கிறான், என்ன படிப்பென்று எனக்குச் சொல்லத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மை. நான் பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவரும் எதையும் அம்மாவால் யாருக்கும் எடுத்துக்காட்ட முடியவில்லை. அண்ணை பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினார்.

“யோசியாதையுங்கோ அம்மா. வாற வருசம் உங்கட பெடிக்கு ஒரு மூஸ் தாறன். அவன்ர கையால சுட்டது. நீங்கள் சமைச்சு இந்த மேசையில வையுங்கோ.”

அம்மாவும் கையை நீட்டினார். அதன்பிறகு ஒரு வருடம் முழுக்க, கடையில், பஸ்ஸில், அடுத்த வீட்டில், “மகன் மூஸ் சுடப் போறான்” என்பதுதான் பேச்சு. பட்டத்தைப் பற்றி அம்மா ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் சுட்டே ஆக வேண்டும் என்றும் இருந்தது.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஜில் ஒரு நிபந்தனையோடுதான் எங்களைச் சேர்த்துக்கொண்டார். நான்தான் அதை மொழிபெயர்க்க வேண்டி வந்தது. “அண்ணை, நீங்கள் மரத்தில ஏறக்கூடாதாம். காட்டில தங்குற குடிலை விட்டு வெளிக்கிடவே கூடாதாம்.” எங்களை முதல் வேட்டைக்கு அழைத்துப்போன தலைவர், வேட்டை நடந்த நேரத்தில் குடிலில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். ஜூட்டும் அவருக்குத் துணையாக விடப்பட்டான், கழுத்துப் பிரச்சினை இன்னும் தீராததால்.

பலகைத் தட்டில் நானும் ஜில்லும் மட்டும். அந்த வருடம் பெண் மூஸும் சுட அனுமதி இருந்தது. விடிந்து வெளிச்சம் பரவியபோது ஒன்று வந்து தண்ணீருக்குத் தலையைக் குனிந்தது. ஜில் என் தோளைத் தொட்டார். புத்தகத்தில் படித்ததெல்லாம் ஒழுங்காக ஞாபகம் வந்தது. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, அழுத்தினேன். அது நாலடி நடந்தது, ஏதோ மறந்துவிட்டு யோசிப்பது போல நின்றது, பிறகு முன்னங்கால்கள் மடிந்தன. புத்தகத்தில் அதற்குப் பிறகு மனத்தில் என்ன வரும் என்று எழுதியிருக்கவில்லை. என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

வெடிச்சத்தம் கேட்டு அண்ணை தடையை மீறிக்கொண்டு புட்டு மாக் கையோடு ஓடி வந்தார். தொப்பியைக் கழற்றினார். குனிந்து அந்தப் பெரிய நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார். மா ஒட்டிக்கொண்டது. “சுகமாப் போய்ச் சேர்” என்றார். என்னைக் கட்டிப் பிடித்தார். “அம்மாட்டைச் சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டாய்.” அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு கேட்டார்: “ஈரல் பெரிசா இருக்குமோ?”

ஜூட் படம் எடுத்தான். ஜில் இறைச்சியைச் சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றினார். இலை தூசி ஒன்றும் படக்கூடாது என்றார். ஏழு நாள் குளிரில் தொங்கவிட்ட பிறகே சமைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுகும், ருசி வராது என்றும் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன்.

“திங்கள் விருந்து தம்பி” என்றார் அண்ணை. “எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.”

*

திங்கள் மத்தியானம் மண்டபத்தில் சட்டிகள் வரிசையாக இருந்தன. அம்மாவின் சட்டி நடுவில். புதுச் சேலை கட்டியிருந்தார். சட்டிக்குப் பக்கத்தில், நான் மூஸின் அருகே முழந்தாளில் நிற்கும் படம்.

தபாலதிபர் முதல் துண்டை வாயில் போட்டார். மென்றார். மேலும் மென்றார். கண் மூடவில்லை.

“தம்பி,” என்றார், “இது மாடு.”

“மூஸ்தான் ஐயா. நான் சுட்டது.”

“வன்னியில மரை திண்ட நாக்கு இது. போன வருசம் திண்ட சாமானெங்க, இதெங்க? காட்டு வாசம் துளியும் இல்லை. சப்பச் சப்ப ரப்பர். கிழட்டு மாடு.”

“எனக்கும் அப்பிடித்தான் பட்டது” என்றார் ஸ்டெல்லா அக்கா. “ஈரலும் ஒரு மாதிரி. பாவம், படிச்ச பெடி, அதுக்கென்ன வேட்டை தெரியும்? கடையில வாங்கியிருக்கும்.”

அம்மா படத்தைத் தூக்கிக் காட்டினார். தபாலதிபர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“கொம்பெங்க?”

“பெண் மூஸுக்குக் கொம்பில்லை ஐயா” என்றேன்.

“கொம்பில்லாத மூஸை ஆர் தம்பி கண்டது? கறுப்பு மாடெல்லோ படுத்திருக்கு.”

மேசை முழுக்கச் சிரிப்பு. கெட்ட சிரிப்பில்லை, வீட்டுப் பிள்ளையைக் கேலி செய்யும் சிரிப்புத்தான். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. படத்தை எடுத்து, என் முகம் உள்பக்கம் இருக்கும்படி கைப்பைக்குள் வைத்தார். பிறகு சட்டியை மூடினார்.

மூடிச் சத்தத்துக்கு அண்ணை எழும்பினார். கை முன்னே நீளும் என்று பார்த்தேன். நீளவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

“இது மூஸ்” என்றார். “இந்தப் பெடி சுட்டது. நான் கண்ணால கண்டனான். போன வருசம் நான் தந்ததுதான் மாடு. கடை மாடு. காட்டில ஒண்டும் அகப்படேல்லை, வாற வழியில வாங்கினனான். அந்த வாசம், பெட்டியில கிடந்த கிளையின்ர வாசம். உங்கள் எல்லாருக்கும் பொய் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

இவ்வளவு காலமாக அவர் சம்பாதித்த பெயர் மண்டபத்தின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் பேசியது தபாலதிபர்.

“இவர்தான் மனுசன்” என்றார். “பாத்தியளோ? ஒரு பெடியின்ர முகம் சுருங்கக்கூடாதெண்டு, தன்ர வாயால தன்னைக் கள்ளனாக்குது.”

“இல்லை ஐயா, மெய்யாத்தான் சொல்லுறன்.”

“ஓமோம், தெரியும். இருங்கோ அண்ணை, இருங்கோ.”

ஸ்டெல்லா அக்கா கண்ணைத் துடைத்தார். ஃபாதர் எழும்பி வந்து அண்ணையின் தோளில் கை வைத்தார். அடுத்த ஞாயிறுப் பிரசங்கத்துக்குப் பொருள் கிடைத்துவிட்டது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“மெய்தான்” என்றான் ஜூட். “நான்தான் கடையில வான் நிப்பாட்டினது.”

“நீ அவற்ற ஆள். நீ வேறென்ன சொல்லுவாய்?” என்றார் தபாலதிபர்.

நானும் சொன்னேன். கடை, கிளை, பெட்டி எல்லாவற்றையும் ஒழுங்காக, காரணகாரியத்தோடு. தபாலதிபர் என் கையைப் பிடித்து அமர்த்தினார். “நீ கதையாதை தம்பி. உனக்காகத்தான் அந்த மனுசன் இவ்வளவும் சொல்லுது. அதைக் கெடுக்காதை.”

அன்று அண்ணை நீட்டியது வெறும் வாக்கில்லை, மெய். அதை வாங்க ஒரு கையும் நீளவில்லை.

அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார். “திறவுங்கோ அம்மா.” அம்மா மூடியைத் திறந்து போட்டார். அவர் எங்கள் பக்கத்தில் இருந்து, பல் நோவு ஒன்றும் இல்லாமல், அந்த இறுகிய துண்டுகளை ஒவ்வொன்றாக மென்று முடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

“மெய்யே தம்பி?”

“மெய் அம்மா.”

அம்மா கைப்பையைத் திறந்து படத்தை எடுத்து, சட்டிக்குப் பக்கத்தில், முகம் வெளியே தெரியும்படி மறுபடி வைத்தார். வேறு யாரும் பார்க்கவில்லை. அண்ணை பார்த்தார்.

புறப்படும் நேரம், கோட்டுகள் மாட்டியிருந்த இடத்தில் ஸ்டெல்லா அக்கா வெறுஞ்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணை, வாற வருசமும் ஈரல் எனக்குத்தான். மறந்திடாதையுங்கோ. ஆனா இந்த வருசத்தைய மாதிரி வேண்டாம்.”

அண்ணை என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வாய் பாதி திறந்து நின்றது. அவர் மனைவி ஒரு கையைக் கோட்டில் நுழைத்தபடியே, மறு கையை நுழைக்காமல், அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்ற சொல் எந்த வடிவத்தில் வரும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலக்கை மெல்ல முன்னே நீண்டது.

“யோசியாதை பிள்ளை” என்றார். “போன வருசத்தைய மாதிரியே தாறன்.”